புகைக்கு ஒரு வழி

ரேணிகுண்டா பெரிய ரயில் சந்திப்பு. சென்னையிலிருந்து மும்பை போகும் பாதையும், கூடூரிலிருந்து காட்பாடி போகும் பாதையும் இங்கே சேர்கின்றன. திருப்பதி இங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தூரம். முன்பு இந்த ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் மாதம் முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

ஒரு காலத்தில் ரயிலுக்குப் 'புகைவண்டி' என்று பெயர். நிலக்கரி எரிந்தது. புகை வந்தது. அந்தப் புகை எங்கே போனது? எஞ்சின் ஓட்டியவர் முகத்திலா? இல்லை. எஞ்சினின் தலையில் ஒரு குழாய் இருந்தது. அதன் வழியாக மேலே போனது.

இரும்பு வண்டிக்குப் புகைபோக்கி வைத்தார்கள். அடுப்படிக்கு வைத்தார்களா? ரேணிகுண்டாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் எத்தனை விறகு அடுப்புக்குப் புகைபோக்கி இருக்கிறது? எண்ணிப் பார்த்தால் தெரியும்.

கேஸ் வந்த பிறகுமா?

"இப்போதுதான் எல்லார் வீட்டிலும் கேஸ் இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆந்திராவில் 1999ஆம் ஆண்டு தீபம் திட்டம் வந்தது. மகளிர் குழுக்களில் இருந்த பெண்களுக்குக் கேஸ் இணைப்பு கிடைத்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. 2024இல் ஆந்திர அரசு, ஆண்டுக்கு மூன்று சிலிண்டர் இலவசம் என்று அறிவித்துத் தொடங்கியது.

ஆனாலும் விறகு அடுப்பு போய்விடவில்லை. வாசலில் வெந்நீர் வைக்க ஓர் அடுப்பு. மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பு. விருந்து, திருவிழா என்றால் பெரிய அடுப்பு. சிலிண்டர் தீர்ந்தால் மறுபடியும் பழைய அடுப்பு. காசு கொடுத்து வாங்கும் கேஸைச் சிக்கனமாகச் செலவழிக்கிறார்கள். காட்டில் சும்மா கிடைக்கும் வேலிக்காத்தான் முள்ளைத் தாராளமாக எரிக்கிறார்கள். அது குடும்பக் கணக்கு. அதைத் தப்பென்று சொல்ல முடியாது.

எரிக்கிற வரைக்கும் புகைக்கு ஒரு வழி வேண்டும். அவ்வளவுதான் கேள்வி.

புகை என்றால் என்ன?

புகை என்பது எரியாமல் போன விறகு.

விறகு சூடானதும் அதிலிருந்து ஆவி கிளம்பும். அந்த ஆவிக்கு நல்ல சூடும் போதிய காற்றும் கிடைத்தால் அதுவும் எரிந்துவிடும். அப்போது தீ மஞ்சளாகத் துள்ளும். புகை குறைவாக இருக்கும். காற்று போதவில்லை, விறகு ஈரம், அடுப்பு இன்னும் சூடாகவில்லை என்றால் ஆவி அரைகுறையாக நிற்கும். அதுதான் கண்ணைக் கரிக்கும் புகை.

புகையில் கண்ணுக்குத் தெரியும் கரி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய தூசியும் இருக்கிறது. இந்தத் தூசி மூக்கில் தங்காது. நுரையீரலின் அடி வரைக்கும் போகும். இதோடு ஒரு விஷவாயுவும் இருக்கிறது. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை. வாசனையும் இல்லை. அது இருப்பது யாருக்கும் தெரியாது.

சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் ஆந்திரக் கிராமங்களிலும் வீட்டுக்குள் புகையை அளந்தார்கள். சமைப்பவர்தான் அதிகப் புகையைச் சுவாசிக்கிறார் என்று தெரிந்தது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்து அறையில் படுத்திருக்கும் கிழவரையும், தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் அந்தப் புகை விடுவதில்லை.

வீட்டுக்குள் சூழும் இந்தப் புகையால் 2020இல் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 2 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். சளிக் காய்ச்சல் என்று தொடங்கும். நிமோனியா என்று முடியும். பெரியவர்களுக்குத் தீராத இருமல், மூச்சிரைப்பு, இதய நோய், கண்ணில் புரை. பீடியே பிடிக்காத பெண்ணுக்கு ஏன் பீடி பிடிப்பவரைப் போல இருமல் வருகிறது? அடுப்பைக் கேட்டால் சொல்லும்.

பழைய முயற்சிகள்

இதற்கு வழி தேடியவர்கள் உண்டு. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் இருந்தது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதை நடத்தினார். அங்கே 1947 வாக்கில் புகைபோக்கி வைத்த ஒரு மண் அடுப்பைச் செய்தார்கள். 'மகன் சூலா' என்று அதற்குப் பெயர். சூலா என்றால் அடுப்பு.

ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியாளர் இன்னொரு அடுப்பை உருவாக்கினார். அதைக் கட்டுவது எப்படி என்று விளக்கி ஒரு சிறு புத்தகமும் எழுதினார். 1953இல் சென்னையில் அச்சானது அந்தப் புத்தகம்.

பிறகு 1983இல் மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. புகையில்லா அடுப்புத் திட்டம் என்று மக்கள் சொன்னார்கள். கிராமத்துப் பெண்களுக்கும் குயவர்களுக்கும் அடுப்புக் கட்டப் பயிற்சி கொடுத்தார்கள். பணத்தில் பெரும் பகுதியை அரசு கொடுத்தது. 2002இல் மத்திய அரசு இந்தத் திட்டத்தை நிறுத்தி, மாநிலங்களிடம் விட்டது. அதற்குள் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் கொடுக்கப்பட்டதாகக் கணக்கு.

மூன்றரைக் கோடி! அவற்றில் இன்று எத்தனை எரிகின்றன? மிகக் கொஞ்சம். ஏன்?

ஒடிசாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்கிறது. 2006 முதல் 44 கிராமங்களில் சுமார் 2,600 வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். யாருக்கு முதலில் அடுப்பு என்று குலுக்கல் போட்டுத் தீர்மானித்தார்கள். புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டினார்கள். சமைப்பவர்களை ஒரு கருவியில் ஊதச் சொல்லி, உடம்புக்குள் எவ்வளவு புகை போயிருக்கிறது என்று அளந்தார்கள்.

முதல் ஆண்டு புகை குறைந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த நன்மை மறைந்துபோனது. அடுப்பில் விரிசல் விட்டது. யாரும் பூசவில்லை. குழாயில் கரி அடைத்தது. யாரும் எடுக்கவில்லை. பலர் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள்.

அடுப்பைக் கொடுத்தவர்கள் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை எப்படிப் பராமரிப்பது என்பது பல வீடுகளில் நிலைக்கவில்லை. பெண்கள் மேல் மட்டும் பழி போடுவது நியாயம் இல்லை. கூரை மேல் ஏறிக் குழாயைச் சுத்தம் செய்யும் வேலையை வீட்டில் எந்த ஆண் ஏற்றுக்கொண்டான்?

குழாய் எப்படி இழுக்கிறது?

சூடான காற்று லேசானது. அது மேலே போகும். குழாய்க்குள் இருக்கும் காற்று சூடானதும் மேலே ஏறுகிறது. அது விட்டுப்போன இடத்தை நிரப்ப, அடுப்பு வாய் வழியாக வேறு காற்று உள்ளே வருகிறது. அந்தக் காற்று தீக்கு உணவு ஆகிறது. புகையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகிறது.

இதிலிருந்து மூன்று விஷயம் புரியும். குழாய் உயரமாக இருந்தால் நன்றாக இழுக்கும். வளைவு அதிகமானால் இழுப்பு குறையும். உள்ளே காற்று வர வழி இல்லாவிட்டால் வெளியே புகை போகவும் வழி இல்லை. கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு, "குழாய் வைத்தும் புகைகிறதே" என்று சலித்துக்கொள்வதில் பயன் இல்லை.

கட்டும்போது

ரேணிகுண்டா பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மேஸ்திரி குழாயைத் தூக்கி வைக்கிறார். வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு கவலை.

"மேஸ்திரி அண்ணே, ஓட்டைப் பிரிச்சா மழைத் தண்ணி ஒழுகுமே. குழாயை ஓட்டுக்குக் கீழேயே நிறுத்திடுங்க."

"அப்படி நிறுத்தினா புகை வீட்டுக்குள்ளேதாம்மா சுத்தும். குழாய் வச்சும் வைக்காத மாதிரிதான்."

"ஒழுகினா?"

"ஓட்டு மேலே குழாயைச் சுத்தித் தகரம் வச்சு, சிமெண்டு பூசித் தரேன். ஒழுகினா என்னைக் கூப்பிடுங்க."

இந்த மேஸ்திரி சொல்வது சரி. கூரைக்குள் நின்றுபோன குழாய்கள் நாட்டில் ஏராளம். கூரைக்கு மேலே எவ்வளவு உயரம்? குழாயைச் சுற்றிப் பத்தடி தூரத்துக்குள் இருக்கும் கூரை, சுவர் எதுவானாலும், அதைவிட இரண்டு அடியாவது உயரமாகக் குழாய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று கூரையில் மோதிக் கீழே இறங்கும். புகையைத் திரும்ப வீட்டுக்குள் தள்ளும்.

குழாயின் குறுக்களவு மூன்று அங்குலம் முதல் நான்கு அங்குலம் வரை. நான்கு அங்குலம் நல்லது. சீக்கிரம் அடைக்காது. சுட்ட மண் குழாய், சிமெண்ட் குழாய், துத்தநாகம் பூசிய தகரக் குழாய் எல்லாம் வைக்கலாம். பிளாஸ்டிக் குழாய் கூடவே கூடாது. உருகும், எரியும். முன்பு பல வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வைத்தார்கள். அதை அறுத்தாலும் உடைத்தாலும் வரும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். புற்றுநோய் தரும். புதிதாக வைப்பவர்கள் அதை வாங்க வேண்டாம்.

குழாயின் உச்சியில் ஒரு தொப்பி வேண்டும். தொப்பிக்கும் குழாய்க்கும் நடுவில் புகை போக இடைவெளி வேண்டும். சிலர் மழைக்குப் பயந்து டால்டா டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுகிறார்கள். அதோடு புகைபோக்கியின் வேலை முடிந்தது!

குழாயின் அடியில் ஒரு சிறு கதவு வேண்டும். ஒரு கல்லோ, தகர மூடியோ போதும். மேலிருந்து தள்ளும் கரியை இந்த வழியாக எடுக்கலாம். கட்டும்போது இதை மறந்துவிட்டால் பிறகு அடுப்பை இடிக்க வேண்டியிருக்கும்.

அடுப்பைக் களிமண், சாணம், நறுக்கிய வைக்கோல் சேர்த்துப் பிசைந்து கட்டுவார்கள். முதல் பாத்திரத்துக்குக் கீழே தீ. அங்கிருந்து ஒரு சுரங்கம் இரண்டாவது பாத்திரத்துக்குப் போகும். அங்கிருந்து குழாய்க்குப் போகும். போகிற சூட்டில் இரண்டாவது பாத்திரத்தில் தண்ணீர் காயும். வீட்டில் அன்றாடம் வைக்கும் பாத்திரத்தைக் கொண்டுவந்து அளவு வைத்துக் கட்ட வேண்டும். பாத்திரம் துளையில் கச்சிதமாக உட்கார வேண்டும். இரண்டாவது துளையில் பாத்திரம் இல்லாத நேரத்தில் மூடி போட வேண்டும். திறந்து கிடந்தால் அந்தத் துளைதான் புகைபோக்கி!

கட்டிய அடுப்பை நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும். பத்து நாளாவது ஆகும். பிறகு முதலில் சின்னத் தீ. அவசரப்பட்டால் வெடிக்கும்.

இன்னொன்று. அடுப்பின் விறகு வாய் சின்னதாகத்தான் இருக்கும். பெரிய கட்டை நுழையாது. "இது என்ன அடுப்பு" என்று கம்பியால் வாயை இடித்துப் பெரிதாக்கியவர்கள் பலர். வாய் பெரிதானால் குளிர்ந்த காற்று அளவில்லாமல் புகும். குழாய் சூடாகாது. இழுப்பு போய்விடும். விறகைச் சின்னதாகப் பிளப்பது கூடுதல் வேலைதான். ஆனால் சின்ன விறகு நன்றாக எரியும். விறகும் மிச்சம் ஆகும்.

கூரை வீடு

ஓலை, புல் வேய்ந்த வீட்டில் அதிகக் கவனம் வேண்டும். தகரக் குழாய் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். காய்ந்த ஓலையோ, மூங்கிலோ, மரச்சட்டமோ குழாயிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருக்க வேண்டும். அதனால் குழாய் போகும் இடத்தில் ஓலையை அகலமாக வெட்டி எடுப்பார்கள். அங்கே பெரிய தகரத் தகட்டை வைப்பார்கள். தகட்டின் நடுவில் குழாய் போகும். தகட்டின் மேல் விளிம்பு ஓலைக்குக் கீழே சொருகியிருந்தால் மழைத் தண்ணீர் வழிந்து ஓடிவிடும்.

இவ்வளவு செய்தாலும் குழாயின் உச்சியிலிருந்து நெருப்புப் பொறி பறக்கலாம். சித்திரை வெயிலில் ஒரு பொறி போதும். முடிந்தவர்கள் வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு சின்னச் சமையல் கொட்டகை போடுவது நல்லது. அதற்கு ஓடோ தகரமோ போட்டால் போதும்.

அடுப்புச் சாம்பலையும் மறக்கக் கூடாது. மேலே சாம்பல், உள்ளே கங்கு. அதைச் சாக்கிலோ கூடையிலோ அள்ளி வேலி ஓரம் வைக்கிறார்கள். காற்று அடித்தால் கங்கு விழிக்கும். பழைய இரும்புச் சட்டியில் அள்ளி, தண்ணீர் தெளித்துக் கொட்ட வேண்டும்.

கடலைத் தோலும் பெல்லட்டும்

இந்தப் பக்கம் மானாவாரி நிலத்தில் வேர்க்கடலை அதிகம். கடலையை உடைத்ததும் தோல் மலைபோலக் குவியும். அதை அள்ளி அடுப்பில் போடுவார்கள். கடலைத் தோல் லேசானது. குவித்துப் போட்டால் நடுவில் காற்று நுழையாது. குபுகுபு என்று புகை வரும். பிறகு திடீரென்று குப்பென்று பிடிக்கும். முகம் கருகும். ஒரு கை, ஒரு கையாகப் போட்டால் பரவாயில்லை.

இதே தோலை அரைத்து, இயந்திரத்தில் அழுத்தினால் விரல் பருமனில் சின்னச் சின்னக் குச்சிகள் கிடைக்கும். இவற்றுக்குப் பெல்லட் என்று பெயர். கரும்புச் சக்கை, மரத்தூள், மக்காச்சோளத் தக்கை ஆகியவற்றிலும் செய்கிறார்கள். அமெரிக்காவில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க இந்தப் பெல்லட்டை எரிக்கிறார்கள். மக்காச்சோள மணியையே எரிக்கும் அடுப்பும் அங்கே உண்டு. நம் ஊரில் சோளத்தைச் சாப்பிடுவோம், தட்டையை மாட்டுக்குப் போடுவோம். அங்கே சோளம் அவ்வளவு மலிவு!

2006இல் தமிழ்நாட்டிலும் ஒரு பெல்லட் அடுப்பு வந்தது. 'ஊர்ஜா' என்று பெயர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஒரு பெரிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. அடுப்பின் அடியில் மின்கலத்தில் ஓடும் ஒரு சின்ன விசிறி இருந்தது. விசிறி காற்றைத் தள்ளியது. பெல்லட் நன்றாக எரிந்தது. புகை மிகக் குறைவு. சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்றன. பிறகு பெல்லட் விலை ஏறியது. கடலைத் தோலுக்கும் சக்கைக்கும் ஆலைகள் போட்டி போட்டு வாங்கின. வீட்டுக்காரர்கள் பழைய அடுப்புக்கும் கேஸுக்கும் போய்விட்டார்கள். பெல்லட் அடுப்புகள் பிறகு ஓட்டல்களுக்குப் போயின.

இந்த வகை அடுப்பை இன்றும் சிலர் வாங்குகிறார்கள். இதற்குப் புகைபோக்கி கிடையாது. கண்ணுக்குப் புகை தெரியாததால் மூடிய அறையில் வைக்கத் தோன்றும். அது ஆபத்து. மின்கலம் தீர்ந்து விசிறி நின்றால் அரைகுறையாக எரியும். விஷவாயு கிளம்பும். திறந்த தாழ்வாரம்தான் இதற்கு இடம். பெல்லட் நனையவும் கூடாது. நனைந்தால் உதிர்ந்து தூளாகிவிடும். புகையும்.

கரி அடுப்பு இதைவிட மோசம். கரி புகையாது. அதனால் பயம் வராது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த சிலர், கறி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கினார்கள். வெளியே குளிர், கதவு மூடியிருந்தது. இரண்டு பேர் காலையில் எழுந்திருக்கவில்லை.

அடுப்பு எரியும் அறையில் தலை வலிக்கிறது, தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றால் உடனே வெளியே போக வேண்டும். கதவைத் திறந்து போட வேண்டும். மயங்கியவரை வெளிக்காற்றுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, 108க்குப் போன் செய்ய வேண்டும்.

சுத்தம் செய்வது

தினமும் சமைக்கிற வீட்டில் மாதம் ஒரு முறை குழாயைப் பார்க்க வேண்டும். ஈர விறகு எரித்தால் இன்னும் சீக்கிரம். அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, நீண்ட மூங்கில் நுனியில் பழைய துணியோ தென்னந்துடைப்பமோ கட்டி, மேலிருந்து தள்ளலாம். வாயில் துணி கட்டிக்கொள்வது நல்லது. விழும் கரியை அடிக் கதவு வழியாக அள்ளலாம். அந்தச் சமயத்திலேயே அடுப்பின் விரிசலைச் சாணமும் களிமண்ணும் வைத்துப் பூசிவிடலாம்.

கரி அடைத்த குழாய் சில சமயம் உள்ளேயே தீப்பிடிக்கும். குழாயில் காற்று ஊளையிடுவது போலச் சத்தம் வரும். அப்போது குழாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான குழாய் வெடிக்கும். வீட்டில் உள்ளவர்களை முதலில் வெளியே அனுப்பி, அடுப்பு வாயையும் துளைகளையும் தகரத்தாலோ ஈரச் சாக்காலோ மூட வேண்டும். காற்று கிடைக்காவிட்டால் தீ அடங்கும். கூரைக்குப் பரவினால் தீயணைப்பு நிலையத்தின் எண் 101.

குழாய் சரியாக இழுக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. அடுப்பு எரியும்போது ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, விறகு வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஊதுவத்திப் புகை உள்ளே போனால் குழாய் திறந்திருக்கிறது. வெளியே வந்து உங்கள் முகத்தில் சுற்றினால், அடுப்பு ஆறியதும் மூங்கிலை எடுக்க வேண்டியதுதான்.